காஜா அக்கா எடுத்த சீட்டு

பிஸ்கட் டப்பாவுக்குள் கைவிட்டு எடுத்த சீட்டைப் பிரித்தபோது அதில் இருந்தது அவளுடைய பெயர்தான். காஜா அக்கா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். “இந்த மாசம் நம்ம இஸ்திரித் தம்பிக்கு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, சீட்டை மடித்துத் தன் ஊசிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்தத் தையல் கூடத்தில் பன்னிரண்டு பேர். சட்டைக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைப்பது அவள் வேலை; அதனால் முதலாளிக்கும் அவள் காஜா அக்காதான். சம்பளத்தன்று ஆளுக்கொரு பங்கு போடுவார்கள். டப்பாவில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு மொத்தமும். வந்த சீட்டைத் திரும்பப் போடுவதில்லை. ஆகவே வருடம் முடிவதற்குள் எல்லாருக்கும் ஒரு முறை வந்தே தீரும். எடுப்பதும் படிப்பதும் அக்காதான். எங்கே காட்டு என்று யாரும் கேட்டதில்லை.

அன்று காலை இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று கடவுளிடம் மன்றாடியதை அவள் கேட்டிருந்தாள். அவர் மகளுக்குக் கண்ணில் ஆபரேஷன். பணம் கட்ட மறுநாள்தான் கடைசி.

இரண்டு மாதம் கழித்து அவருடைய சீட்டு கைக்கு வந்தபோது, அக்கா தன் பெயரைச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டாள். யாருக்கும் ஒரு காசு நட்டமில்லை. விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

பிள்ளைக்குக் கண் தேறிவிட்டது. அப்பனுக்குத்தான் வேறொன்று பிடித்துக்கொண்டது. வாராவாரம் லாட்டரிச் சீட்டு வாங்க ஆரம்பித்தார். எட்டு வருடத்தில் ஒன்றும் விழவில்லை.

“உன் கையில சூடு இருக்கு, ராசி எங்கய்யா இருக்கு?” என்பார் கட்டிங் மாஸ்டர்.

“எட்டு வருஷமா விழலன்னா இனி கிட்ட வந்துடுச்சுன்னுதானே மாஸ்டர் அர்த்தம்? நம்ம டப்பாவுல பாருங்க, வராதவனுக்கு மாசாமாசம் நெருங்கி வருதில்ல?”

அந்த எட்டாம் வருடத்தின் பதினோராம் மாதம் டப்பாவில் இரண்டே சீட்டு மிச்சம். இஸ்திரிக்காரர் பெயர் வந்தது; இம்முறை நிஜமாகவே. மகளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்த நேரம். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்.

புதன்கிழமை மதியம் அவர் அக்காவிடம் வந்து குனிந்தார். “அக்கா, நாளைக்குப் பெரிய குலுக்கல். மொத்தப் பணத்துக்கும் சீட்டு வாங்கப் போறேன்.”

“பிள்ளை படிப்பு?”

“இத வச்சு ஒரு வருஷம் கட்டலாம். மிச்ச ரெண்டு வருஷத்துக்கு எங்க போவேன்? எனக்கு அவசரம்னா கடவுள் குடுப்பாருக்கா. அன்னிக்குக் குடுக்கலயா?”

அக்கா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். அன்று தான் சொன்ன ஒரு பொய்தான் இப்படி வேர்விட்டு நிற்கிறது. சொன்னால் மனிதர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் பிள்ளை படிப்பு போகும். மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு, ஊசிப் பெட்டியைத் திறந்து, நூல்கண்டுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“இது உங்க பேரு.”

“ஆமா. அன்னிக்கு வந்தது இதுதான். உன் பேரு வரல, தம்பி.”

அவர் அப்படியே நின்றார். மேசையில் படுக்க வைத்துவிட்டு வந்த இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்து புகை வந்தது. அக்காதான் ஓடிப்போய்த் தூக்கினாள். சட்டை முதுகில் முக்கோணமாய்க் கருகியிருந்தது.

“அப்ப கடவுள் நான் சொன்னதைக் கேக்கவே இல்லையாக்கா?”

“கேட்டாரு. கேட்டுட்டுத்தான் பக்கத்துல இருந்த என் காதுலயும் போட்டாரு. லாட்டரிக்காரன் காதுல போடல. நம்ம டப்பாவுல எடுத்த சீட்டைத் திரும்பப் போடறதில்ல, அதான் மிச்சம் இருக்கறவனுக்கு நெருங்குது. அவன் வாராவாரம் புதுசா டப்பாவை ரொப்பறான், தம்பி. நீ எட்டு வருஷமா காத்துட்டு இருக்கேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

கருகிய சட்டைக்காக முதலாளி அவர் சம்பளத்தில் பணம் பிடித்ததும், “அடடா, மாஸ்டர் சொன்ன சூடு இதுதானா!” என்று கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, கல்லூரியில் பணம் கட்டிய ரசீதை அக்காவின் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் மூன்று மாதம் அவளோடு பேச்சில்லை. அக்கா தினமும் அவருக்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டாள்.

ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்காமல் போய், அக்கா வேலையை விட்டு நின்றாள். கடைசி நாள் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தவர் இஸ்திரிக்காரர்தான்.

“ரெண்டாவது வருஷத்துக்கு ஓவர்டைம் பாக்கறேன்கா” என்றார்.

பஸ் வந்ததும் அக்கா பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“இனிமே நீ எடு, தம்பி. ஆனா எடுத்த சீட்டை எல்லாருக்கும் விரிச்சுக் காட்டிடு. நான் காட்டல.”