குயிலுக்குக் காது கொடுக்காதவன்

வருஷத்தின் முதல் குயில் கூவும்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்களோ, அடுத்த வருஷத்துக் குயில் வரும்வரை அதையேதான் செய்துகொண்டிருப்பீர்கள். எங்கள் ஊரில் இதை நம்பாதவர்கள் இரண்டே பேர், பாதிரியாரும் பள்ளிக்கூட வாத்தியாரும். அந்த இரண்டு பேருமே பனி உருகத் தொடங்கிவிட்டால் வாயில் ஒரு துண்டு ரொட்டியும் சட்டைப்பையில் ஒரு காசும் இல்லாமல் வாசலுக்கு வருவதில்லை. பசியோடு கேட்டால் வருஷம் முழுக்கப் பசி, வெறும் பையோடு கேட்டால் வருஷம் முழுக்க வெறும் பை. இதில் போய் யாராவது விளையாடுவார்களா?

ரங்கேல் போன வருஷம் ஏமாந்துவிட்டான். காலையில் கோழிக்கூண்டுக்குள் முட்டை எடுக்கப் போனவன்மேல் காற்றில் கதவு சாத்தி, வெளிக் கொக்கி விழுந்துவிட்டது. மனைவி வெலிகா சந்தைக்குப் போயிருந்தாள். அவன் போட்டிருந்தது பையே வைத்துத் தைக்காத பைஜாமா. வயிற்றில் ஒன்றும் இல்லை. கோழிகளைத் தவிரப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அக்ரூட் மரத்தில் குயில் கூவியது.

அவ்வளவுதான். மாதம் முடிவதற்குள் வெலிகா வேலை பார்த்த பால் பண்ணையை மூடினார்கள். அவள் இத்தாலியில் ஒரு கிழவியம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். ரங்கேலுக்கு முதுகு போய் லாரி ஓட்டுவதை விட்டு நாளாகியிருந்தது, மகள் கல்யாணமாகிப் பட்டணத்தில் இருந்தாள். ஆக, வருஷம் முழுக்க அவன் கோழிகளோடுதான் பேசினான். பால் பண்ணை எப்படியும் மூடியிருக்கும் என்று யாராவது சொன்னால் ஆளை ஏற இறங்கப் பார்ப்பான். உலகத்தில் எத்தனையோ புருஷன்மார் மனைவியை அனுப்பிவிட்டு அரசாங்கத்தைத் திட்டினார்கள். இவன் ஒருவன்தான் குயிலைத் திட்டினான்.

இந்த வசந்தத்துக்கு வெலிகா ஒரு வாரம் லீவில் வருவதாகச் சொன்னாள். ரங்கேல் அன்றே முடிவுகட்டிவிட்டான். அவளும் அவனும் பக்கத்துப் பக்கத்தில், சுத்தமான வீட்டு முற்றத்தில், வயிறு நிறைந்து, பை நிறைந்து உட்கார்ந்திருக்கும்போதுதான் முதல் குயில் அவன் காதில் விழ வேண்டும். அப்புறம் அவள் எப்படிப் போவாள் என்று பார்த்துவிடலாம். அதுவரை குயில் கூவினால்? கூவட்டும். காதில் விழாத குயில் கணக்கில் வராது, அது ஊரறிந்த சட்டம்.

முதலில் பஞ்சில் மெழுகு தோய்த்து அடைத்துப் பார்த்தான். அது வெயிலுக்கு உருகிக் கழுத்தில் வழிந்தது. பிறகு மரம் அறுக்கும் மெஷினோடு வந்த காதுமூடியைப் பரணிலிருந்து எடுத்தான். ஆரஞ்சு நிறம், ஒவ்வொன்றும் சூப்புக் கிண்ணம் அகலம். அதை மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. வெலிகா போன் பண்ணும் நேரத்தில் மட்டும் ஒயின் பீப்பாய் வைக்கும் நிலவறைக்குள் இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு கழற்றுவான். போன தடவை பேசியதைவிட உன் குரல் எதிரொலிக்கிறதே, வீட்டைக் காலி பண்ணிவிட்டாயா என்று அவள் கேட்டாளாம்.

காதுமூடியோடுதான் அவன் வீட்டையும் முற்றத்தையும் வசந்தத்துக்குத் தயார் செய்தான். எதையும் அளவாகச் செய்யத் தெரியாத ஆள் அவன், ஒரு வேலி கேட்டால் இரண்டு வேலி போடுவான். கம்பளங்களை வேலியில் போட்டு அடித்தான். அடுப்புக் குழாயைக் கழற்றி ஓடையில் கழுவினான். ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்த துடைப்பில் இரண்டு சிட்டுக்குருவிகள் மோதி மயங்கி விழுந்தன. திராட்சைக் கொடியைக் கத்தரித்தான், போன வருஷத்துச் சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்தினான். அப்புறம் சுண்ணாம்பைக் கரைத்தான். பழமரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடிப்பது எல்லோரும் செய்வதுதான், பூச்சி ஏறாது, பார்க்கவும் லட்சணம். ரங்கேல் மரங்களை முடித்து, கிணற்றுச் சுவரை முடித்து, வேலிக்கால்களை முடித்து, அடுத்த வீட்டு எல்லைக்குள்ளும் குனிந்தபடியே போய்விட்டான். பின்னால் அடுத்த வீட்டுச் சபி தொண்டை கிழியக் கத்தியது அவனுக்கு எப்படிக் கேட்கும்? நாலு பிளம் மரத்துக்கு அடித்த கையோடு, அந்த வரிசையிலேயே நின்று தூங்கிக்கொண்டிருந்த சபியின் கழுதைக்கும் நாலு காலிலும் முழங்கால்வரை அடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். கழுதை அசையவில்லை. விழித்துத் தன் கால்களைப் பார்த்ததிலிருந்து அது கொஞ்சம் நிமிர்ந்து நடப்பதாக ஊரில் பேச்சு.

மார்ச் கடைசியில் வரும் மங்கள வார்த்தைத் திருநாளன்று நாங்கள் வீட்டைச் சுற்றித் தகரம் தட்டுவோம், பாம்பும் பல்லியும் ஓடிப்போக. மற்றவர்கள் ஒரு சுற்று தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். ரங்கேலுக்குத் தான் தட்டுகிற சத்தமே கேட்கவில்லை, அதனால் போதுமான சத்தம் வரவில்லை என்று நினைத்து இருட்டும்வரை தட்டினான். அதோடு, பாம்புக்குத் தட்டியதில் குயிலும் பயந்து அடுத்த ஊருக்குப் போனால் நல்லதுதானே என்று மறுநாளும் தட்டினான். சபி வேலியைத் தாண்டி வந்து அவன் காதுமூடி ஒன்றை இழுத்து விலக்கினான்.

"டேய், பாம்பெல்லாம் எல்லை தாண்டி கிரீஸுக்கே போயிருச்சு. இப்ப நாங்கதான் மூட்டை கட்டிக்கிட்டிருக்கோம். நிறுத்துறியா?"

"மூடுடா, மூடுடா! குயில் கூவிரும்," என்று அலறி ரங்கேல் காதுமூடியைத் திரும்ப அமுக்கிக்கொண்டான்.

உண்மையைச் சொன்னால் சபிக்குக் குயில் ஏற்கெனவே கூவிவிட்டது. அவன் அப்போது கழுதைக்காலில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். இனி வருஷம் முழுக்கக் கழுதையின் காலடியில்தான் என்று அவன் தன் விதியை நொந்துகொண்டு ரங்கேலிடம் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மனசு எல்லோருக்கும் வராது.

வெலிகா வேனிலிருந்து இறங்கியபோது, பால்போல் வெளுத்த ஒரு தோட்டமும் அதன் நடுவே ஆரஞ்சுக் கிண்ணங்களை மாட்டிய ஒரு புருஷனும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவன் அவளைக் கட்டிப்பிடித்துக் காதுக்குள் "வா வெலிகா, பயணமெல்லாம் நல்லா இருந்துச்சா?" என்று கூவிய கூவலில் வேனில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இளைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் முதல் நாளே அழுதால், குயில் அந்த நேரம் பார்த்துக் கூவினால், வருஷம் முழுக்க அழுகைதான். அதனால் சிரித்தான். பல் தெரியச் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கினான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடந்ததைக் கூத்து என்றுதான் சொல்ல வேண்டும். பேரிக்காய் மரத்தடியில் மேஜை போட்டு, வெள்ளைத்துணி விரித்து, சீஸ் வைத்துச் சுட்ட பணியாரத் தட்டும் அவரை சூப்பும் பிளம் சாராயமும் வைத்து, வெலிகாவைக் கம்பளியால் சுற்றி உட்காரவைத்தான். அவள் உட்கார்ந்ததும் காதுமூடியைக் கழற்றிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு மரக்கிளைகளையே பார்ப்பான். அவள் எழுந்தால் உடனே மாட்டிக்கொள்வான். பாத்திரம் கழுவப் போனால் பிடுங்கிக்கொள்வான், வருஷம் முழுக்கக் கழுவ வேண்டிவரும் என்று. கக்கூஸுக்குப் போனால் வாசலிலேயே நின்று, நீ இருக்கும்போது கூவிவிட்டால் என்ன ஆகும் என்று கவலைப்படுவான். மாலையில் தூறல் போட்டது. குடை பிடித்துக்கொண்டு பணியாரத்தை ஊட்டினான். குயில்களுக்கு எல்லாம் என்ன கேடோ, காக்கை மட்டும் வந்து கரைந்துவிட்டுப் போனது.

வெலிகாவுக்கு அவனிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. முதல் நாளே தொடங்கினாள். "ரங்கேல், இத்தாலியில..." என்று அவள் வாயெடுத்ததும் அவள் நெற்றி சுருங்கியது. நெற்றி சுருங்கினால் கவலை, கவலையோடு குயிலைக் கேட்கக் கூடாது. காதுமூடி ஏறிவிட்டது. மறுநாள் சிரித்த முகத்தோடு தொடங்கிப் பார்த்தாள். இத்தாலி என்ற சொல் வந்ததுமே காதுமூடி ஏறிவிட்டது, அந்த ஊர்ப் பேச்சோடு குயில் கூவினால் காரியம் கெட்டுவிடும் அல்லவா. அவள் கத்திப் பார்த்தாள், கையை ஆட்டிப் பார்த்தாள். அவன் புரிந்ததுபோல் தலையாட்டி இன்னொரு கரண்டி சூப்பு ஊற்றினான். கடைசியில் அவள் வேலி ஓரம் போய்ச் சபியிடம் அழாத குறையாகச் சொன்னாளாம், ஒரு வருஷம் நம் மொழி பேச ஆளில்லாமல் ஊமையாக ஒரு கிழவியோடு இருந்துவிட்டு வந்தேன், இங்கே செவிடனோடு இருக்கிறேன் என்று.

லீவு தீர்ந்தது. குயில் கூவவில்லை. வேன் வருகிற காலையில் வெலிகா பேசாமல் பெட்டியை மூடினாள், பேசாமல் கோட்டை மாட்டினாள், மேஜைமேல் இருந்த பணியாரத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் கதவைத் திறந்து தெருவில் இறங்கினாள். ரங்கேலுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சுண்ணாம்புக் கறை படிந்த ரப்பர் பூட்ஸோடு பின்னாலேயே ஓடினான். அவள் இழுத்துக்கொண்டு போன பெட்டிச் சக்கரம் சேற்றில் புதைந்தது. அவனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பிடுங்கி இரண்டு கையாலும் மார்போடு தூக்கிக்கொண்டான். தூக்கிய வேகத்தில் பெட்டியின் முனை இடித்து, காதுமூடி சரிந்து கழுத்தில் விழுந்தது. திரும்ப மாட்ட ஒரு கை வேண்டும். பெட்டியைக் கீழே வைக்கலாம் என்றால் முழங்கால் அளவு சேறு.

அப்படி அவன் திணறிக்கொண்டிருந்தபோது, சபி வீட்டுப் பிளம் வரிசையின் கடைசி மரத்திலிருந்து குயில் கூவியது. சந்தேகமே இல்லாமல், ஊருக்கே கேட்கும்படி, நிறுத்தி நிறுத்திக் கூவியது.

ரங்கேல் மரம்போல் நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. முற்றத்து மேஜையில் ஆளில்லை, மனைவி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள், தானோ நடுத்தெருவில். எல்லாம் போயிற்று என்று நினைத்தான். கண்ணில் நீர் முட்டியது. ஆனால் வெலிகாவும் நின்றுவிட்டாள். மெதுவாகத் திரும்பினாள்.

"கேட்டுச்சா?" என்றாள்.

அவன் பெட்டியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"கேட்டுச்சுல்ல? சொல்லு மனுஷா. கையில என்ன வச்சிருக்க?"

"உன் பெட்டி."

"எங்க போய்க்கிட்டிருக்க?"

அவன் தெருவை ஒரு முறை பார்த்தான், அவளை ஒரு முறை பார்த்தான். "உன் பின்னால," என்றான்.

"அப்பாடி," என்றாள் வெலிகா. "இதத்தான் வந்த நாள்லேருந்து சொல்ல வாயத் தொறக்குறேன், நீ கிண்ணத்த மாட்டிக்கிட்டு சூப்பு ஊத்துற. அந்தக் கெழவியம்மா வீட்டுல தோட்டம் காடா கெடக்கு. வெட்ட, கொத்த, சுண்ணாம்படிக்க ஒரு ஆள் வேணும்னு அவளே கேட்டா. ரூம்ல ரெண்டு பேர் இருக்கலாம். வர்றியான்னு கேக்கத்தான்யா நான் அவ்வளவு தூரத்துலேருந்து வந்தேன்."

ரங்கேல் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். துடைத்த ஜன்னல், வெளுத்த மரம், அடித்து உதறிய கம்பளம், எல்லாம் அவளுக்காக. "இவ்வளவும் பண்ணி வச்சது..." என்று இழுத்தான்.

"நான் ஒண்ணும் சொல்லல. குயில்தான் சொல்லுது. வேணும்னா அதுகிட்டப் போய்ப் பேசிக்க."

சட்டம் பேசியவனே சட்டத்தை மீற முடியாது. வேன் வந்து நின்றது. டிரைவர் அந்தப் பூட்ஸைப் பார்த்து ஏற்ற மாட்டேன் என்றான், வெலிகா அவனை இத்தாலி மொழியிலும் எங்கள் மொழியிலும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். குயிலுக்காக ரங்கேல் தன் கோட்டுப் பைகளில் அடைத்து வைத்திருந்ததில், எல்லை தாண்டப் போதுமான அடையாள அட்டையும் இருந்தது, கூடவே காசும் ரொட்டியும் அரைச் சீஸ் கட்டியும். கோழிகளுக்கு யார் தீனி போடுவார்கள் என்று அவன் கேட்டான். கழுதையைப் பிடித்தபடி வேலியோரம் நின்ற சபி, நான் போடுகிறேன் போய்த் தொலை என்று கையை ஆட்டினான். அப்படி ஆட்டும்போது அவன் மூக்கை உறிஞ்சியதை நாங்கள் பார்த்தோம்.

வேன் மலைப்பாதையில் ஏறியது. பெட்டியைப் பின்னால் போடச் சொன்னார்கள், ரங்கேல் கொடுக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெட்டி கையில் இருந்தபோதுதானே குயில் கூவியது. கீழே வைத்தால் எது அறுந்து போகுமோ யார் கண்டது?

"கால் மரத்துப் போயிரும், கீழ வையி," என்றாள் வெலிகா.

"மாட்டேன்."

"இத்தாலி வரைக்குமா?"

"குயில் வர்ற வரைக்கும்."

அவள் அந்தப் பெட்டிமேலேயே கன்னத்தை வைத்துச் சாய்ந்து, ஒரு வருஷத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கிப்போனாள். எல்லையில் இறங்கி நிற்கச் சொன்னபோது ரங்கேலுக்கு இரண்டு காலும் இருக்கிற இடம் தெரியவில்லை. அவன் சந்தோஷமாக இருந்தான். அவளை எழுப்ப மனமில்லாமல், அட்டையை என் கோட்டுப் பையிலிருந்து நீங்களே எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரியிடம் கிசுகிசுத்தான்.