கண்ணாடிக்குச் சொன்ன பதில்

சலூன்காரரின் மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு, தெரு வைத்த பெயர் வாலு. அவளுடைய அப்பாவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவர் சீப்பை எடுத்தால் தலையில் இருக்கும் பேன்களெல்லாம் ஒன்றையொன்று தள்ளாமல் வரிசையில் நின்று இறங்கிப் போகுமாம். சொன்னவர் முழு வழுக்கை என்பதால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் வாலுவின் வாயைப் பற்றிச் சொன்னதெல்லாம் நிஜம். பள்ளிக்கூடம் விட்டு வந்து கடைப் பெஞ்சில் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், நாற்காலியில் இருப்பவர் முடியோடு வாதத்தையும் இழந்துவிட்டுத்தான் எழுந்து போவார்.

இந்த வாய்க்குச் சட்டம் படிக்காமல் வேறு என்ன படிப்பது? பல்கலைக்கழகம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. எழுத்துத் தேர்வில் தேறியவர்களில் பாதிப் பேரை அந்த அறையில் வைத்தே கழித்துக்கட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்ட அப்பா, கடையில் ஒரு சட்டம் போட்டார். வருகிற ஒவ்வொருவரும் வாலுவிடம் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.

"கழுத்துல துணியக் கட்டி உக்கார வெச்சுட்டு கேள்வி கேக்கச் சொல்றியேப்பா. நான் என்ன புரொபசரா?" என்றார் பஸ் டிரைவர்.

"ஷேவிங் முடியற வரைக்கும் நீங்க துணைவேந்தர்ணே. கேளுங்க."

டிரைவர் நுரை பூசிய தாடையை நிமிர்த்திக்கொண்டார். "ஏம்மா, சட்டம் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறே?"

"ஸ்டாப்புல நிக்காமப் போற பஸ் மேல முதல் கேஸ் போடுவேன் மாமா."

டிரைவர் சிரித்த சிரிப்பில் நுரை கண்ணாடி வரை தெறித்தது.

அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சலூனில் யாரும் யாரையும் நேராகப் பார்த்துப் பேசுவதில்லை. நாற்காலியில் இருப்பவர் கழுத்தைத் திருப்பினால் காது மிஞ்சாது. அதனால் வெட்டுகிறவர், வெட்டிக்கொள்கிறவர், பின்னால் காத்திருக்கிறவர் எல்லோரும் எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் தெரியும் முகங்களோடுதான் பேசுவார்கள். முறைப்பதும் அதில்தான், கண்ணடிப்பதும் அதில்தான். வாலு பேசப் பழகியதே அந்தக் கண்ணாடியில்தான்.

நேர்காணலன்று அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தார். வாசலில் வாலு நின்றாள்.

"நீங்க இங்கயே இருங்கப்பா. உள்ள கூட்டமா இருக்கும்."

உள்ளே கூட்டமே இல்லை. அது திறந்து கிடந்த கேட் வழியாக இருவருக்குமே தெரிந்தது. "சரிடா," என்று அவர் மரத்தடிக்குப் போய்விட்டார்.

அறையில் மூன்று பேர். நடுவில் இருந்த நரைத்த தலை அம்மாள் பதமாகத் தொடங்கினார். "அப்பா என்னம்மா பண்றார்?"

"பிசினஸ் மேம்."

"என்ன பிசினஸ்?"

"அது… சொந்த பிசினஸ்."

யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. அறைக்கு வெளியே காத்திருந்த சில பிள்ளைகளின் அப்பாக்களில் ஒருவர் டாக்டர், ஒருவர் வக்கீல் என்று காதில் விழுந்ததும் அவளே உள்ளுக்குள் தயார் செய்துகொண்ட பதில்.

பிறகு வந்த கேள்விகளுக்கெல்லாம் வாலு பொழிந்து தள்ளினாள். ஆனால் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இடப்பக்கச் சுவரை அடைத்து, கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி ஒன்று இருந்தது. அதில் அம்மாளின் முகம் பளிச்சென்று தெரிந்தது. வாலு தன்னை அறியாமல் அந்த முகத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். எதிரில் இருந்த மூவருக்கும் கிடைத்தது அவளுடைய வலது காது மட்டும்.

"யார்கிட்டம்மா பேசறே? நாங்க இங்க இருக்கோம்."

'எங்கப்பா சலூன் வெச்சிருக்கார் மேம், அங்க பழகின பழக்கம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள், அவளும் சிரித்திருப்பாள். அந்த வார்த்தைக்குத்தான் அவளே 'பிசினஸ்' என்று பூட்டுப் போட்டிருந்தாளே! முகமெல்லாம் சுட்டது. "ஒண்ணுமில்ல மேம்," என்று குனிந்த தலை அதன்பின் நிமிரவில்லை. எஞ்சிய கேள்விகளுக்கு மேஜையின் காலுக்குத்தான் பதில் சொன்னாள்.

மரத்தடியில் அப்பாவிடம் பாதியைச் சொன்னாள். "கண்ணாடியப் பாத்துப் பேசிட்டேன்பா." மீதிப் பாதியை விழுங்கிவிட்டாள்.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "என் புத்தியச் சொல்லணும். கடையில வெச்சுப் பழக்கி நானே உன்னக் கெடுத்துட்டேன்." பஸ்ஸில் வீடு வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லும்போதெல்லாம் அவள் ஜன்னலோரம் இன்னும் கொஞ்சம் ஒடுங்கினாள்.

அங்கே இடம் கிடைக்கவில்லை. இன்னொரு பல்கலைக்கழகம் கூப்பிட்டது, அதுதான் கடைசி. அதற்குப் பழகலாம் என்று கடைக்குப் போன வாலு வாசலிலேயே நின்றுவிட்டாள். கண்ணாடி முழுக்கப் போர்வை போட்டு மூடியிருந்தது.

"தலை இருக்கா போயிடுச்சான்னே தெரியலியேப்பா!" என்று நாற்காலியில் இருந்து டிரைவர் அலறினார்.

"இருக்குண்ணே, இருக்கு. என்னால பொண்ணு ஒரு சீட்டக் கோட்டை விட்டுட்டா. இனிமேலாவது நேராப் பாத்துப் பேசட்டும்."

கிருதா இரண்டும் சமமா என்று பார்க்க, அவர் ஒவ்வொரு வெட்டுக்கும் நாற்காலியைச் சுற்றி முன்னால் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார். வருகிறவரிடமெல்லாம் தன் தப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். வாலுவால் தாங்க முடியவில்லை.

"அப்பா, அது உங்களால இல்ல."

"பின்ன?"

"நீங்க பிசினஸ் பண்றீங்கன்னு சொல்லிட்டேன். சலூன்னு சொல்லியிருந்தா, கண்ணாடிப் பழக்கத்தச் சொல்லிச் சமாளிச்சிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு… அதான் உங்கள வெளியவே நிக்க வெச்சேன்."

கத்தரி நின்றது. அப்பா திரும்பவில்லை. எப்போதும் கண்ணாடியில் கிடைக்கும் அவர் முகம் போர்வைக்குப் பின்னால் போய்விட்டது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பிடரிதான். ஊரார் பிடரியையெல்லாம் சீராக்குகிறவரின் பிடரியில் முடி கன்னாபின்னாவென்று வளர்ந்திருந்தது.

பிறகு அவர் திரும்பி, அவளுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உங்கப்பா என்னம்மா பண்றார்?"

"சலூன்… வெச்சிருக்கார்."

"கேக்கல."

"சலூன் வெச்சிருக்கார். முடி வெட்டறார்."

"ஒருத்தனப் பாதித் தலையோட விட்டுட்டார்னும் சேத்துச் சொல்லும்மா," என்றார் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை.

வாலுவின் தலை மறுபடி தொங்கியது. சவரத்துக்கு நிமிர்த்துவது போல, அப்பா இரண்டு விரலால் அவள் தாடையைத் தூக்கினார்.

"இன்னொரு தடவ," என்றார். "இங்க பாத்து."