அப்துல் ரசாக்குக்கு ஆட்சேபணை இல்லையாம்

சென்னையிலிருந்து வந்து, எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்திவிட்டுப் போன அதிகாரியே... நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள்.

தவறு என்று நான் சொல்லவில்லை. கவனக்குறைவு என்றும் சொல்லவில்லை. பொய்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். முதலில் திட்டிவிடுவேன், அப்புறம்தான் விஷயத்துக்கு வருவேன். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளுக்கு நயமாகப் பேச யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

விஷயம் இதுதான். கரண்ட் விதிகளை மாற்றப் போகிறார்களாம். சின்னக் கடை, பட்டறை, மாவு மில் வைத்திருப்பவர்களுக்குச் சாயந்திரம் ஆறு மணியிலிருந்து ராத்திரி பத்து மணி வரை ரேட் ஜாஸ்தி, பகலில் கம்மி. அதற்கு முன்னால் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதனால் கூட்டம். கூட்டத்துக்கு வரச் சொல்லி எல்லாருக்கும் தபாலில் நோட்டீஸ் வந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்த நோட்டீஸில் 'திரு. ஆரோக்கியசாமி அவர்களுக்கு' என்று போட்டிருந்தது. 'தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்றும் இருந்தது.

ஆரோக்கியசாமி என் கணவர். அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. வீட்டு முன்னறையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். இப்போது அந்த அறையில் ஒரு பெண் வாடகைக்குத் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். கரண்ட் கனெக்‌ஷன் மட்டும் இன்னும் அவர் பேரில்தான்.

இது என் வீட்டு வழக்கம் மட்டுமா? உங்கள் வீட்டில் கரண்ட் அட்டையை எடுத்துப் பாருங்கள். யார் பேர் இருக்கிறது? அப்பா பேர், மாமனார் பேர், சில வீடுகளில் அவருக்கும் அப்பன் பேர். பேர் மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அண்ணன் தம்பி அக்கா தங்கை அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும். ஒருத்தன் பெங்களூரில் இருப்பான். இன்னொருத்தன் பேச்சுவார்த்தையே இல்லாமல் பக்கத்துத் தெருவில் இருப்பான். பில் கட்டினால் கரண்ட் வருகிறது... அப்புறம் எதற்கு வம்பு என்று விட்டுவிடுகிறோம்.

கரீம் பாயும் அப்படி விட்டவர்தான்.

கரீம் பாய் எங்கள் தெரு முனையில், கருணாபுரம் போகிற வழியில் மாவு மில் வைத்திருக்கிறார். அறுபதைத் தொடுகிற வயசு. புருவம், காது மடல் எல்லாம் எப்போதும் மாவு. மில் அவருடைய அத்தா, அதாவது அப்பா, ஆரம்பித்தது. அத்தா பேர் அப்துல் ரசாக். அவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கனெக்‌ஷன் இன்றைக்கும் அவர் பேரில். கரண்ட் ஆபீஸ் கவுன்டரில் 'அப்துல் ரசாக்' என்று கூப்பிடுவார்கள். கரீம் பாய் 'இருக்கேங்க' என்று எழுந்து போவார். இருபது வருஷப் பழக்கம். ஆபீஸைப் பொறுத்தவரை அவர்தான் ரசாக்.

அந்த மில் பகலில் ஓடாது. பகலில் யார் வருவார்கள்? சித்தாள் வேலை, களை வெட்டு, கரும்பு வெட்டு என்று போன பெண்கள் ஆறு மணிக்குமேல்தான் திரும்புகிறார்கள். ரேஷன் கோதுமையோ அரிசியோ, பையைத் தூக்கிக்கொண்டு நேராக மில்லுக்குத்தான் வருவார்கள். கல்வராயன் மலையிலிருந்து கேழ்வரகு மூட்டையோடு பஸ்ஸில் இறங்குகிறவர்களும் அரைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிப்பார்கள். ஆறிலிருந்து பத்து... கரீம் பாயின் பிழைப்பே அந்த நாலு மணி நேரம்தான். அதற்குத்தான் ரேட் ஏற்றப் போகிறார்கள். ஏற்றினால் மில்லை மூட வேண்டும். வேறு வழி இல்லை.

அவர் ஒரு மாதம் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நல்லாத்தான் இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் 'தயவுகூர்ந்து' என்று இருந்தது. அதை அடித்துவிட்டேன்.

கூட்டம் காலை பத்தரைக்கு. முந்தின நாள் அங்கே கல்யாணம் போலிருக்கிறது. வாசலில் கட்டிய வாழை வாடித் தொங்கியது. மேடையில் தெர்மாகோல் எழுத்தில் மணமகள் பேர் மட்டும் மிச்சம். அதன் கீழே அதிகாரி, பக்கத்தில் ஒரு கிளார்க், மேஜைமேல் ஒரு மணி. மேடைக்குக் கீழே ஸ்டாண்டில் ஒரு மைக். பதிவேட்டில் உள்ள பேரைக் கூப்பிடுவார்கள், வந்து மூன்று நிமிடம் பேசலாம், மணி அடித்தால் நிறுத்த வேண்டும்.

முதலில் ஒரு லேத் பட்டறைக்காரர். அவர் பேரிலேயே கனெக்‌ஷன் இருந்த பாக்கியவான். மூன்று நிமிடம் நன்றாகப் பேசினார். அதிகாரி அந்த மூன்று நிமிடமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. அடுத்த பேர்.

'அப்துல் ரசாக்.'

'இருக்கேங்க,' என்று கரீம் பாய் எழுந்தார். கிளார்க் டிக் போட்டார். பாய் மைக் முன்னால் போய்த் தாளைப் பிரித்தார். கிளார்க் ஆதார் கேட்டார், கொடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

'பேரு வேற இருக்கே. அப்துல் ரசாக் எங்க?'

'அத்தாங்க. மவுத் ஆயிட்டாரு. மில்ல நான்தான் பாத்துக்கினு இருக்கேன்.'

அதிகாரி முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். 'அப்ப நீங்க பேச முடியாது. பதிவுல இருக்கிறவருதான் பேசணும்.'

'அவரு எப்படிங்க வருவாரு?'

அதிகாரி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. 'அது அவர் விருப்பம். அவருக்கு உண்டான நேரத்த நாங்க கொடுத்துடுவோம்,' என்றார்.

சொன்னபடியே கொடுத்தார்கள்.

கரீம் பாயை உட்காரச் சொல்லிவிட்டு, கிளார்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மைக் முன்னால் ஆள் இல்லை. யாராவது பின்னால் கோர்ட்டுக்குப் போனால் 'நேரம் கொடுத்தோம்' என்று காட்ட வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கூத்து என்று எனக்குப் புரிந்தது. அரை நிமிடத்துக்குத்தான் புரிந்தது. அதற்கப்புறம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஏனென்றால் அதிகாரி இப்போது போனைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்து... எதிரே ஒருத்தர் நின்று பேசினால் எப்படிப் பார்ப்போமோ, அப்படி. நடுவில் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். ஒரு தடவை தலையை ஆட்டினார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கரீம் பாய் என் காதோரம் சொன்னார்: 'மில்லு சத்தத்துல கத்திக் கத்திப் பேசுவாரு நர்சம்மா. அத்தாவுக்கு மைக்கே வேணாம்.'

மணி அடித்தது. 'நன்றி,' என்றார் அதிகாரி. யாருக்கு?

அதன்பிறகு வரிசையாகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பேரையும் மூன்று தடவை. திருக்கோவிலூர் பக்கத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருந்தவர் பேர். மூங்கில்துறைப்பட்டில் டிராக்டர் பட்டறை வைத்திருந்தவர் பேர். கரீம் பாய்க்கு நடந்ததைப் பார்த்த பிறகு ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பேருக்கும் மண்டபத்தில் யாரோ ஒருத்தர் தலை குனிந்தது. ஒரு அம்மா, மாமனார் பேர் வந்ததும் முந்தானையை இழுத்துத் தலைக்கு மூடிக்கொண்டார். ஒரு பேருக்கு மூன்று நிமிடம். ஒரு மணி. ஒரு நன்றி.

எங்கள் கோயிலில் கல்லறைத் திருநாள் அன்று, அந்த வருஷம் இறந்தவர்கள் பேரைச் சாமியார் வாசிப்பார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அந்த இடத்தில் பயம் வந்ததில்லை. அங்கே யாரும் அவர்களிடம் பதிலை எதிர்பார்ப்பதில்லையே.

பிணத்தைக் கண்டு பயப்படுகிறவள் இல்லை நான். எத்தனையோ பேரைத் துடைத்து, தாடையைக் கட்டி, கட்டைவிரலைச் சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன். சவக்கிடங்குக்குத் தனியாகப் போய் வந்திருக்கிறேன். செத்தவர்கள் தொந்தரவே செய்ய மாட்டார்கள். அதுவே அன்றைக்கு அந்த மண்டபத்தில், பட்டப்பகலில், ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்போது, என் முதுகு சில்லிட்டுக்கொண்டே இருந்தது. பின்வரிசை நாற்காலிகள் காலி என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்க மட்டும் மனசு வரவில்லை.

அப்போதுதான் மைக்கில் வந்தது.

'ஆரோக்கியசாமி.'

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். வாராவாரம் இங்கே வாய் கிழியப் பேசுகிறவள்தானே? வாய் வரவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது... நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் கையாலேயே கண்ணை மூடிவிட்ட மனுஷன் வருகிறாரா என்று பார்த்தேன்.

அவருக்கான மூன்று நிமிடத்தை அவருக்குக் கொடுத்தார்கள். அதிகாரி உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டார். மணி. நன்றி.

பத்து நாள் கழித்து, கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் கரண்ட் ஆபீஸ் பலகையில் ஒட்டினார்கள். கரீம் பாய் போன் செய்து, 'உடனே வாங்க' என்றார். போனேன். லேத் பட்டறைக்காரர் பேருக்கு எதிரே 'கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு வரி. ஐஸ் கம்பெனிக்காரருக்கு 'நேரம் அளிக்கப்பட்டது. ஆட்சேபணை இல்லை.' இரண்டு பேருக்கும் நடுவில் பார்த்தால்...

'அப்துல் ரசாக். நேரில் வந்தார். ஆட்சேபணை இல்லை.'

'இருக்கேங்க' என்று பாய் சொன்னதுக்குப் போட்ட டிக் அது. பழக்க தோஷத்தில் வந்த ஒரு வார்த்தை. மகன் வாயைத் திறந்ததால் அப்பன் வந்துவிட்டான். மகனைப் பேச விடாததால் அப்பனுக்கு ஆட்சேபணை இல்லை. எவ்வளவு சுத்தமான வேலை பாருங்கள்.

திருத்தித் தரச் சொல்லி உள்ளே போய்க் கேட்டோம். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். 'திருத்தத்துக்கு அவங்களேதான் எழுதிக் கொடுக்கணும்மா,' என்றாள். 'யாரு?' என்றேன். பலகைப் பக்கம் கையைக் காட்டினாள். 'அப்துல் ரசாக்.'

பேர் மாற்றாதது உங்கள் தப்பு என்று யாராவது எனக்கு எழுதுவீர்கள். சரி, தப்புதான். ஆனால் இருபது வருஷம் அந்தப் பேரில் பில் போட்டு, அந்தப் பேரில் ரசீது கொடுத்து, கரீம் பாயை அந்தப் பேரால் கூப்பிட்டது யார்? பணம் வாங்கும்போது அவர் ரசாக், பேச வந்தால் மட்டும் கரீமா? உயிரோடு இருப்பவனிடம் கருத்துக் கேட்டால் அவன் எதையாவது சொல்லித் தொலைப்பான். செத்தவர்களிடம் அந்தத் தொல்லை இல்லை. அவர்களைப்போல ஒத்துப்போகிற ஜனங்கள் எங்கே கிடைப்பார்கள்?

வெளியே வந்து கரீம் பாய் பைக் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மில் போய்விடுமே என்று புலம்புவார் என நினைத்தேன். அவர் மில்லைப் பற்றிப் பேசவில்லை.

'வெள்ளிக்கிழமை தொழுதுட்டு கபர்ஸ்தானுக்குப் போவேன் நர்சம்மா. இந்த வாரம் இத படிச்சிட்டுப் போனேன், கேட் பக்கத்துலயே நின்னுட்டு வந்துட்டேன். அவரு வெச்ச மில்ல மூடச் சொல்லி அவரே ஒத்துக்கினாருன்னு எழுதி வெச்சிருக்காங்க. நான் வாயத் தொறந்ததாலதான. மவுத்தான அத்தா பேருல பொய் சாட்சி சொன்னவன் அங்க போயி இன்னாத்த ஓதறது?'



பலகையில் இன்னொரு வரியும் இருந்தது. பாயிடம் அதைக் காட்டவில்லை. 'ஆரோக்கியசாமி. நேரில் வந்தார். ஆட்சேபணை இல்லை.' நான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கை தூக்கவில்லை. கிளார்க் டைப் அடிக்கும்போது மேலே இருந்த ரசாக் வரியைக் காப்பி பண்ணிக் கீழே ஒட்டியிருப்பான், அவ்வளவுதான் என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லிவிட்டேன். சாம்பாரில் உப்பு கம்மி என்று தினமும் ஆட்சேபணை சொல்லியே சாப்பிட்ட மனுஷன் அவர். வந்திருந்தால் சும்மா போயிருக்க மாட்டார்.

அதிகாரியே, உங்கள் பேர் எனக்குத் தெரியும், எழுதவில்லை. புது விதி இன்னும் முடிவாகவில்லை என்றும் தெரியும். அதற்குள் அந்தத் தாளிலிருந்து அப்துல் ரசாக் பேரை அடியுங்கள். கரீம் பாயைப் பேச விடுங்கள். எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம், போனும் வேண்டாம். இந்த ஊர் ஜனங்கள் முன்னால் வந்து நின்று, எல்லார் காதும் கேட்க, ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள்.

அந்தக் காலி மைக்கைப் பார்த்துத் தலையை ஆட்டி எழுதினீர்களே... உங்களிடம் பேசியது யார்?