நிற்கிற வேனுக்குள் என்ன சத்தம்?

கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாராவாரம் இந்த இடத்தில் மலையையும் மழையையும் தேடி வருகிறவர்கள் இந்த முறை பொறுத்துக்கொள்ள வேண்டும். மலை அப்படியே இருக்கிறது. மழையும் வருகிறது. எனக்குத்தான் மனசு சரியில்லை.

போன வியாழக்கிழமை, பதுளையிலிருந்து மடுல்சீமை வரை ஒரு வேனின் தரையில் குப்புறப் படுத்தபடி போனேன். குடித்திருக்கவில்லை. என்னை யாரும் கடத்தவும் இல்லை. ஒரு காதைத் தரைப் பலகையில் ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு சத்தத்தைத் தேடிப் போனேன். பசறை வரைக்கும் பரவாயில்லை. அதற்கு மேல் இருப்பதை ரோடு என்று சொல்கிறவர்கள், ஒருநாளாவது அதில் காதை வைத்துப் படுத்துப் பார்க்க வேண்டும்.

வேன் என் மச்சான் செல்வராஜுடையது. தங்கச்சி புஷ்பத்தின் வீட்டுக்காரர். ஒன்பது வருஷம் ஒருதரமும் ஊருக்கு வராமல் குவைத்தில் வண்டி ஓட்டிவிட்டுப் போன வருஷம் திரும்பி வந்தவர். போகும்போது மகள் ஷாலினிக்கு இரண்டு வயது. திரும்பி வந்து தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றபோது, "அம்மா, யாரோ ஒரு அங்கிள் வந்திருக்காரு" என்று சொல்லிக்கொண்டு உள்ளே ஓடினாள் அவள். மனுஷன் அந்த வாசலிலேயே முடிவு பண்ணிவிட்டார் – இனி எங்கும் போவதில்லை.

பழைய வேன் ஒன்றை வாங்கினார். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, சின்னதாக ஒரு சிங்க், துணி அலுமாரி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை... ஓடுகிற வீடு ஒன்றைச் செய்துவிட்டார். எல்ல ஊருக்குச் சுற்றுலா வருகிற வெள்ளைக்காரர்கள் இரண்டு நாள், மூன்று நாள் எடுத்துக்கொண்டு போய்த் தாங்களே ஓட்டிச் சுற்றுவார்கள். எந்த வளைவில் நிறுத்துகிறார்களோ அங்கே அவர்களுக்கு வீடு.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஜோடி வேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இணையத்தில் எழுதியது: வேன் அழகு. சொந்தக்காரர் தங்கமான மனிதர். ஆனால் வண்டிக்குள் ஒரு பேய் இருக்கிறது. கடகடவென்று சத்தம். ஓடும்போது மட்டுமல்ல – நிறுத்திவிட்டுப் படுத்தால்கூட! இரண்டு நாளும் தூக்கம் இல்லை.

அவ்வளவுதான். எல்லவுக்கு வருகிறவர்களை இந்த மாதிரி வண்டிகளுக்கு அனுப்பி வைக்கிற ஹாஜியார் ஒருவர் இருக்கிறார். பண்டாரவளைக்காரர். அவருடைய லிஸ்டில் பெயர் இருந்தால்தான் ஆள் வரும். அவர் போன் போட்டார். "தம்பி, மூணு வாரம் தாறேன். அடுத்து வாற சனிக்கிழமை நானே வந்து ஏறிப் பார்ப்பேன். சத்தம் இருந்தா லிஸ்ட்ல இருந்து எடுத்திருவேன். கோவிச்சுக்காதீங்க."

அதே வாரம் குவைத்திலிருந்தும் போன். பழைய முதலாளி. விசா ரெடி, எப்போது வருகிறாய்?

வேனிலிருந்து சத்தம் போக வேண்டும். இல்லாவிட்டால் செல்வராஜ் போக வேண்டும். விஷயம் அவ்வளவு சுருக்கம். குவைத் போன் அடிக்கும்போதெல்லாம் புஷ்பம் எழும்பி வெளியே போய், காய்ந்த விறகையே திரும்பத் திரும்ப அடுக்கினாள்.

கராஜ் படலம் தொடங்கியது. பதுளையில் நான்கு கராஜ். முதலாமவர் பார்க்காமலே சொன்னார் – ஷொக் அப்சோபர். மாற்றினோம். சத்தம் இருந்தது. இரண்டாமவர் முதலாமவரைத் திட்டிவிட்டுச் சொன்னார் – புஷ். மாற்றினோம். சத்தம் இருந்தது. மூன்றாமவர் இரண்டு பேரையும் திட்டிவிட்டு சைலன்சரைக் கழற்றினார். மாட்டிய பிறகு, போனஸாக இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது.

இந்த ஊரில் ஏன் ஒருத்தருக்கும் "தெரியாது" என்ற சொல் வாயில் வருவதில்லை?

நான்காவது, ஃபாரூக் நானா. அவர் ஒருவர்தான் நேர்மையானவர். கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எஞ்சின் ஓஃப். வண்டி நிக்குது. அப்பயும் சத்தம் வருதா? மச்சான், நீங்க வந்த இடம் பிழை. இது கராஜ். பேய் ஓட்டுற ஆள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்காரு."

வேனுக்குள் இருந்த தட்டு, கோப்பை, கரண்டி எல்லாவற்றையும் இறக்கினோம். கேஸ் சிலிண்டரை இறக்கினோம். அலுமாரிக் கதவுக்கு டேப் ஒட்டினோம். கட்டிலின் ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் முறுக்கினோம். கடைசியில் என்னையும் தரையில் படுக்கப் போட்டாயிற்று.

"எங்க மச்சான் கேக்குது?" – ஸ்டியரிங்கைப் பிடித்தபடி செல்வராஜ் கத்துகிறார்.

"கீழதான்!"

"முன்னாலயா பின்னாலயா?"

"எல்லாப் பக்கமும்!"

"காதை வச்சுத்தான் கேக்குறீங்களா, இல்ல கவிதை யோசிச்சுக்கிட்டு வாறீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு பள்ளம் வந்து மூடி வைத்தது.

வெள்ளிக்கிழமை. மடுல்சீமையில், லயத்துக்குப் பக்கத்தில் வேன் நிற்கிறது. விடிந்தால் ஹாஜியார். கச்சான் காற்று மலைமேலிருந்து சரிந்து சரிந்து வருகிறது. நானும் மச்சானும் வேனுக்குக் கீழே இரண்டு ஜோடிக் கால்களாக வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கிறோம். காற்று ஒரு தரம் ஓங்கி அடித்தது. கட... கட்... கடகட.

பகல் கொழுந்து நிறுத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்த புஷ்பம் அந்த நேரம் பார்த்து எங்கள் காலடியில் வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் சாப்பிட வாறீங்களா, இல்ல சோத்தை அங்கயே தள்ளி விடட்டுமா?"

"பேசாத! இந்தா... இந்தா, இப்ப கேட்டுச்சுல்ல?" என்றார் செல்வராஜ்.

"எது?"

"ஒனக்குக் காது என்ன செவிடா? இந்தச் சத்தம்!"

மறுபடியும் கடகட. புஷ்பம் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு குனிந்து எங்கள் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பார்த்ததில்லை.

"இதையா மூணு வாரமா தேடுறீங்க? காத்து அடிச்சா கல்லு ஆடத்தானே செய்யும்."

நான் தலையைத் தூக்கப் போய் வேனின் அடியில் இடித்துக்கொண்டேன்.

"எந்தக் கல்லு?" என்றேன் நான்.

"நான் வச்ச கல்லுண்ணே."

விஷயம் இதுதான். வேனின் கூரையில் காற்றுக்காக மச்சான் ஒரு திறப்பு வெட்டியிருந்தார். முதல் மழையிலேயே ஒழுகியது. அவசரத்துக்கு அதன் மேல் ஒரு தகரம், தகரத்தின் மேல் தார்ப்பாய், சுற்றிக் கயிறு. முடிந்தது வேலை. அதற்குப் பிறகு அவர் மேலே ஏறவே இல்லை. அவர் ஏதோ சாமான் வாங்கப் பதுளைக்குப் போயிருந்த ஒரு நாள், காற்று பேயாக அடித்திருக்கிறது. இவள் ஏணியை வைத்து ஏறித் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, தகரத்தின் நாலு மூலைக்கும் நாலு கல் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். தகரம் என்று ஒன்று இருந்தால் அதன் மேல் கல் இருக்க வேண்டும். எங்கள் லயங்களில் எந்தக் கூரையை வேண்டுமானாலும் பாருங்கள் – கல், பழைய டயர், உடைந்த அம்மி. இல்லாவிட்டால் காற்று கூரையைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த மலையில் போட்டுவிடும்.

செல்வராஜ் வேனுக்குக் கீழிருந்து வெளியே வந்தார். எண்ணெய்க் கறுப்பையும் தாண்டி முகம் சிவந்திருந்தது.

"அறிவு இருக்கா ஒனக்கு? வளைவுல ஒரு கல்லு உருண்டு யாரு மண்டையிலயாச்சும் விழுந்திருந்தா? மூணு வாரம்! நாலு கராஜ்! ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"கூரைக்குக் கல்லு வைக்கிறத யாராச்சும் சொல்லிக்கிட்டா வைப்பாங்க? நீங்க ஷொக்குங்கிறீங்க, புஷ்ஷுங்கிறீங்க... எஞ்சின்ல எதையோ தேடுறீங்கன்னு நெனச்சேன்."

"எதுக்குடி வச்ச?"

அவள் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "தகரம் பறந்துச்சுன்னா வண்டி கெடக்கும். வண்டி கெடந்தா நீங்க பறந்துருவீங்க. அதான் வச்சேன்!"

மச்சான் ஏணியை எடுத்து வந்து வேனில் சாய்த்தார். நான் கயிற்றை அவிழ்க்க மேலே ஏறினேன்.

நாலு கல்லும் இருந்தன. மூன்று வாரத்தில் தகரத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கியிருந்தன. ஒன்றொன்றாக இறக்கிக் கொடுத்தேன். வடிகான் பக்கம் தள்ளிவிடப் போன செல்வராஜைப் புஷ்பம் தடுத்தாள். "வீசாதீங்க. நம்ம வீட்டுக் கல்லு."

"நம்ம வீட்டுக் கல்லுன்னா?"

"நம்ம கூரையில இருந்துதான எடுத்து வச்சேன்."

மூன்று வாரம். கச்சான் காற்றில். தன் தலைக்கு மேலிருந்த கல்லை எடுத்து வேனின் தலையில் வைத்துவிட்டு, அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருக்கிறாள். குசினி மூலையில் தகரம் எழும்பி நிற்கிறது. ஒருநாள் மழை நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. ஷாலினியின் புத்தகங்கள் எல்லாம் ஷொப்பிங் பைக்குள் சுற்றிக் கட்டிலுக்கு மேல் தொங்குகின்றன. அந்தப் பையை வந்த அன்றே நான் பார்த்தேன். நல்ல பிள்ளை, புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போய் வேனுக்குக் கீழே படுத்தேன்!

இப்போது சொல்லுங்கள், கோபம் வருமா வராதா?

யார் மேல் என்று கேட்பீர்கள். முதலில் என் மேல்தான். நான் அதே லயத்தில் பிறந்தவன். இருபது வருஷம் அந்தக் கடகடவுக்குக் கீழேதான் தூங்கினேன். பதுளையில் கொங்கிரீட் போட்ட வீட்டுக்கு வந்து பதினைந்து வருஷத்தில் என் காது அதை மறந்துவிட்டது. மர்மச் சத்தமாம்! தகரக் கூரையில் மழை தாளம் போடுகிறது என்று மேடையில் வாசித்துக் கைதட்டு வாங்கியவன் நான். அந்தத் தாளத்துக்குக் கீழே யாருடைய புத்தகம் நனைகிறது என்று எழுதினேனா?

பிறகு, தோட்டத்து ஆபீஸ் மேல். வேனின் தகரத்தை அன்று பின்னேரமே சரி செய்துவிட்டோம். எட்டு ஸ்க்ரூ. எட்டு ரப்பர் வளையம். அரை மணி நேரம். அதையே வீட்டுக்குச் செய்யலாமே என்று ட்ரில்லோடு கிளம்பினேன். செல்வராஜ் கையைப் பிடித்தார். "வேணாம் மச்சான். அந்தத் தகரத்துல ஸ்க்ரூ நிக்காது, துரு தின்னுருச்சு. புதுசு போடணும்னா ஆபீஸ்ல கேக்கணும். கூரை தோட்டத்தோடது. ரெண்டு தடவை பேரெழுதிக்கிட்டுப் போனாங்க."

பெயர் எழுதினார்கள். கூரை?

ஓடுகிற வீட்டுக்கு செல்வராஜ் பெயரில் பதிவுப் புத்தகம் இருக்கிறது. அதில் எங்கே வேண்டுமானாலும் துளை போடலாம். அவருடைய தாத்தா காலத்திலிருந்து நிற்கிற வீட்டுக்கு ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. ஒரு ஆணி அடிக்க அனுமதி வேண்டும். இரண்டு நாள் தூங்க முடியாத வெள்ளைக்காரர்கள் உலகம் முழுக்கப் படிக்கும்படி புகார் எழுதினார்கள். எழுதிய மறுநாளே நாங்கள் நாலு கராஜுக்கு ஓடினோம். அதே சத்தத்துக்குக் கீழே ஆயுசு முழுக்கத் தூங்குகிறவர்கள் எங்கே எழுத வேண்டும்? யார் ஓடி வருவார்கள்?

எல்லோரும் வண்டிக்குக் கீழேதான் பார்த்தோம். ஒருத்தர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. இந்த மலையில் எது ஆடினாலும் கீழே இருக்கிறதைத்தான் கழற்றிப் பார்க்கிறார்கள்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஹாஜியார் சொன்ன நேரத்துக்கு வந்தார். பின்னால் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். செல்வராஜ் கோயில் வளைவு வரை ஓட்டிக்கொண்டு போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். பிறகு ஹாஜியார் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, காற்று அடிக்கும்வரை காத்திருந்தார் மனுஷன். காற்று அடித்தது. வேன் மூச்சு விடவில்லை.

"சுப்பர் தம்பி! ஒரு சத்தமும் இல்ல. அடுத்த சீசனுக்கும் சேத்துப் போட்டுக்கிறேன்."

செல்வராஜ் பொக்கெட்டிலிருந்து போனை எடுத்து குவைத்துக்கு இரண்டே வரி அனுப்பினார். அனுப்பியதைப் புஷ்பத்திடம் காட்டினார். அவள் விறகு அடுக்கப் போகவில்லை. "எல்லாரும் உள்ள வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள்.

உள்ளே ஹாஜியாருக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை. எங்களுக்குக் கட்டில். நாலு கல்லும் கூரையில் பழைய இடத்துக்குப் போயிருந்தன. முதல் மிடறு இறங்கவில்லை, மலையிலிருந்து அடுத்த காற்று வந்துவிட்டது. கட... கட்... கடகட. ஹாஜியார் கோப்பையைப் பிடித்தபடி நிமிர்ந்து வாசல் வழியே வேனைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"அது என்ன சத்தம் தங்கச்சி?"

புஷ்பம் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"பயப்படாதீங்க ஹாஜியார். அது வேன் இல்லைங்க... வீடு."