நான் மடித்து வைத்த போர்வை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதத்தில், கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்த சம்பவம் இது. எங்கள் வீடு என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். அப்போது அந்த வீட்டில் நான் ஒருத்திதான். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் கல்யாணம் முடித்து அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அஜக்ஸ் ஒன்றும் சந்திர மண்டலம் இல்லை, நாற்பது நிமிடக் கார் ஓட்டம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால், "அம்மா, ஃபோர் ஓ வன் ஹைவேல சரியான ட்ராஃபிக், நெக்ஸ்ட் வீக் வாறம்" என்று ஒரு ஃபோன் வரும். ஞாயிறு காலையில் என்ன ட்ராஃபிக் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அந்த ஃபோனும் வராது.

நாலு அறை வீடு. ஒரு சுண்டு அரிசி போட்டால் இரண்டு நாளுக்குக் காணும். தொலைக்காட்சியைப் பார்ப்பதற்காக நான் போடுவதில்லை. வீட்டுக்குள் ஒரு குரல் கேட்கட்டும் என்று போட்டுவிட்டுச் சமையலறையில் நிற்பேன். அப்படித்தான் என் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில்தான் சிற்றி, அதாவது நகரசபை, நடத்தும் ஒரு திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வீடில்லாமல் தற்காலிக விடுதியான ஷெல்ரரில் தங்கியிருக்கும் குடும்பங்களைத் தனியார் வீடுகளில் குடியமர்த்துகிறார்கள். வீட்டின் அடியில் பேஸ்மென்ற் வைத்திருப்பவர்கள் பதியலாம். வாடகையில் ஒரு பங்கைச் சிற்றியே கட்டும், குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள வேர்க்கர் என்று ஒரு சமூகப் பணியாளரும் வருவார். கோயிலில் பழக்கமான ஒரு அக்கா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "உமக்கென்ன விசரே? முன்பின் தெரியாத சனத்தை வீட்டுக்க எடுத்துப்போட்டு, பிறகு எழுப்பேலாமல் அழப்போறீர்."

நான் ஏதோ பெரிய தர்மம் செய்யப் புறப்பட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே நாலு காலடிச் சத்தம் கேட்டால் போதும் என்றுதான் கையெழுத்து வைத்தேன். சிற்றியிலிருந்து ஒருவர் வந்து யன்னலை அளந்தார், புகை அலாரத்தை அமத்திப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு கிழமையில் குடும்பம் வந்து இறங்கியது.

முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாய், மட்டக்களப்புப் பக்கம். எட்டு வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். இரண்டு சூட்கேஸும் ஒரு றைஸ் குக்கரும்தான் சாமான். கணவன் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கூட வந்த வேர்க்கர் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. ஒப்பந்தத்தில் உள்ளதையெல்லாம் மளமளவென்று வாசித்துக் காட்டினாள். வீட்டுக்காரர் உள்ளே போவதென்றால் ஒரு நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. நான் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றேன்.

எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. பேஸ்மென்ற்றை வாடகைக்குக் கொடுத்தாலும் அது நம்முடைய கீழ்த்தளம்தான். வீட்டுக்குச் சூடு கொடுக்கும் ஃபேர்னஸ் அங்கே. ஆட்டிறைச்சியும் விளைமீனும் அடுக்கி வைத்த பெரிய ஃப்ரீஸர் அங்கே. அவர்கள் வந்து போகப் பக்கவாட்டில் தனிக் கதவு இருந்தாலும், என் சமையலறையிலிருந்து கீழே இறங்கும் படியும், படியடியில் உள்ள கதவின் சாவியும் என்னிடம் இருந்தன. என் வீட்டுக்குள் நான் போக யாரைக் கேட்க வேண்டும்?

முதல் நாள் மீன் எடுக்கத்தான் போனேன். அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆங்கில வகுப்புக்குப் போயிருந்தாள். சிங்க்குக்குள் இரண்டு கோப்பைகள் கிடந்தன, கழுவி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த கிழமை புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் செய்து, பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு அவளுடைய ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். பிறகு ஒருநாள் பிள்ளைகளின் அறையை எட்டிப் பார்த்தேன். போர்வை சுருண்டு கிடந்தது. அதை உதறி மடித்து, தலையணையைத் தட்டி, சின்னவனின் பிஜாமாவையும் மடித்து மேலே வைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் போர்வையில் பிள்ளை மணம் இருந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்று சந்தோஷமாக இருந்தது.

அதன்பிறகு கிழமைக்கு இரண்டு மூன்று தடவை போகத் தொடங்கினேன், மீன் தேவைப்படாத நாட்களிலும். செய்ததைச் சொல்லிக்காட்டாமல் இருப்பதுதான் பெருந்தன்மை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

ஆனால் அவளிடமிருந்து ஒரு நன்றியும் வரவில்லை. வாசலில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். முதல் இரண்டு கிழமை கீழே ஓடி விளையாடிய பிள்ளைகளின் சத்தமும் நின்றுபோனது. பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள், இப்போது ஆறு மணிக்கு முன் வருவதே இல்லை. வந்த கையோடு கீழே ஏதோ பாரமான பொருளை இழுக்கும் சத்தம் கேட்கும். சாமான்களை இடம் மாற்றி வைக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் குப்பை போடப் போனபோது, சாப்பாட்டுக் கழிவு போடும் பச்சைத் தொட்டிக்குள் நான் அவித்த புட்டு கிடந்தது. ஒரு பிடிகூட எடுக்கவில்லை. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. உடனே மகளுக்கு ஃபோன் எடுத்தேன். "எவ்வளவு திமிர் பார்! ஷெல்ரரில கிடந்தவைக்கு என்ர புட்டு இறங்காதாம்."

"வெயிற், அம்மா. அவை இல்லாத நேரம் நீங்க உள்ள போறனீங்களா?"

"என்ர வீடடி அது!"

அவள் "ஓகே அம்மா, ஐ ஹாவ் டு கோ" என்று வைத்துவிட்டாள். அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

அதே கிழமை வேர்க்கர் பிள்ளை என்னைப் பார்க்க வந்தாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். "அன்ரி, கீழ இருக்கிறவா திரும்ப ஷெல்ரருக்கே போறனெண்டு கேக்கிறா" என்றாள். எனக்கு விளங்கவில்லை. மூன்று பேரும் ஷெல்ரரில் ஒரே அறையில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்து, எத்தனையோ வீடு பார்த்து, கடைசியில் கிடைத்த இடம் இது. அதை விட்டுவிட்டு மறுபடியும் அங்கேயா?

"வேற ஆரிட்டயாவது கீழ் வீட்டுச் சாவி இருக்கா அன்ரி? ஆரோ உள்ள வந்து போகினமெண்டு அவா சரியாப் பயப்பிடுறா. போர்வை எல்லாம் மடிச்சுக் கிடக்காம்."

"அது நான்தான் பிள்ளை" என்றேன்.

அவள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "ஓ மை காட், அன்ரி" என்றாள். நான் என்ன களவா எடுத்தேன், உதவிதானே செய்தேன் என்று குரலை உயர்த்தினேன். அவள் என்னோடு வாதாடவில்லை. இதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு மேல் வெளியால் சுற்றி, அவர்களுடைய பக்கவாட்டுக் கதவடிக்குப் போனேன். அந்தக் கதவை நான் தட்டியது அதுதான் முதல் தடவை. உள்ளே அந்த இழுக்கும் சத்தம் கேட்டது. கதவுக்கு முட்டாக வைத்திருந்த உடுப்பு அலுமாரியை அவள் நகர்த்துகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவு ஒரு சாண் திறந்தது. பின்னால் இரண்டு பிள்ளைகளும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நான் தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கதவைப் பிடித்தபடியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்களா அன்ரி? மெய்யா நீங்கதானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். கணவனின் அடி தாங்காமல் பிள்ளைகளோடு வெளியேறி, நகரத்தின் நடுவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறை எடுத்து இருந்திருக்கிறாள். எப்படியோ அவன் அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒரு சாவியும் எடுத்துவிட்டான். இவர்கள் இல்லாத நேரம் வருவான். எதையும் உடைக்க மாட்டான், எடுக்க மாட்டான். கோப்பைகளைக் கழுவி, போர்வைகளை மடித்து வைத்துவிட்டுப் போவான். உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவன் சொல்லும் விதம் அது. மூன்றாம் தடவை அவன் போகாமல் உள்ளேயே காத்திருந்தானாம். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. அவள் நெற்றியோரம் இருந்த தழும்பை நான் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

"அதான் லைப்ரரியில இருந்திட்டு, ஆக்கள் வேலையால வாற நேரம் பாத்து நாங்களும் வாறம் அன்ரி."

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பிள்ளை?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டு, நீங்க 'நானில்லை' எண்டு சொல்லியிருந்தா, பிறகு நான் எங்க போவன்?"

மேலே வந்து தொலைக்காட்சியை அணைத்துவிட்டு இருந்து அழுதேன். மூன்று உயிர்கள் கீழே பயந்து செத்துக்கொண்டிருக்க, நான் மேலே இருந்து என் நல்ல மனசை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் ஆளைக் கூப்பிட்டுக் கீழே இரண்டு பூட்டையும் மாற்றினேன். சாவிகள் அத்தனையையும் அவள் கையில் கொடுத்து, போவதும் இருப்பதும் உன் விருப்பம் என்றேன். மகளும் மருமகனும் அஜக்ஸிலிருந்து வந்து ஃப்ரீஸரைக் கராஜுக்கு மாற்றினார்கள். அன்றைக்கு ட்ராஃபிக் ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, அவள் இங்கேயே இருக்கிறாளாம் என்று வேர்க்கர் ஃபோனில் சொன்னாள்.

பிறகு அவள் எனக்கு இன்னொரு மகளாகிவிட்டாள் என்று எழுதத்தான் ஆசை. நானும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்த்தேன். நடக்கவில்லை. வாசலில் கண்டால் "சுகமா அன்ரி" என்பாள், அவ்வளவுதான். ஃபேர்னஸ் பார்க்க ஆள் வருவதென்றால், நாளை பத்து மணிக்கு வரலாமா என்று ஒரு தாளில் எழுதி அவள் கதவில் ஒட்டுகிறேன். பிள்ளைகளின் சத்தம் திரும்பிவர ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. இப்போது பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்துவிடுகிறார்கள், கீழே ஒரே கூத்துத்தான். ஒரு தடவைகூட அவள் என்னை உள்ளே வந்து இருக்கச் சொன்னதில்லை.

ஏதாவது நல்லதாகச் சமைத்தால் எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்க் கதவைத் தட்டிவிட்டு நிற்பேன். சில நாள் திறந்து வாங்கிக்கொள்வாள். சில நாள் உள்ளே சின்னவன் சிரிப்பது கேட்கும், ஆனால் கதவு திறக்காது. கையில் கோப்பையோடு திரும்பிப் படியேறும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. ஆனாலும், யாராவது தட்டினால் திறக்காமல் இருக்கலாம் என்ற தைரியம் அவளுக்கு என் வீட்டில்தான் வந்தது என்று நினைக்கும்போது, நான் அவளுக்குச் செய்த உதவி அது ஒன்றுதான் என்று படுகிறது.