காசு பருத்த காலம்

எனக்கு எண்பத்துநான்கு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். என் காதில் கிடக்கும் சிவப்புக்கல் கம்மல் என் அம்மா போட்டு அனுப்பியது. இதை உருக்கிப் புது மாதிரியில் செய்துகொள்ளலாமே என்கிறாள் பேத்தி. அவளுக்கு என் பதில்தான் இது. எனக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் எழுத்து. அவளே எழுதட்டும்.

திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊரில் நான் வாழ்க்கைப்பட்டபோது மல்லாட்டை, அதான் நிலக்கடலை, விலை சரிந்துகொண்டே இருந்தது. வீட்டுக்குப் பெரியவர் என் கணவரின் அண்ணன். மூத்தார் எதிரில் தம்பி பெண்டாட்டி நிற்கக் கூடாது, பேசவும் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று, வாசலில் கட்டிய மாட்டிடம் சொல்வதுபோலச் சொல்வேன். "செவலை, உன் எஜமானரு இன்னும் சாப்பிடல." அவரும் மாட்டையே பார்த்து, "வர்றேன்னு சொல்லு" என்பார். அவர் மனைவி, என் ஓரகத்தி, விழுந்து விழுந்து சிரிப்பாள். "நல்ல தபால்காரன் கெடைச்சான் ரெண்டு பேருக்கும்!"

மூத்தார் திண்டிவனத்தில் குடியானவர்கள் கூட்டத்துக்குப் போய்வந்து தெருவில் பேசுவார். "மூட்டை எளைக்கல, சர்க்கார் நிலத்துக்கு வாங்குற கிஸ்தி கொறையல. காசுதான் பருத்துக்கினே போவுது. ஒரு மூட்டை வித்து கட்டுன கிஸ்திக்கு இப்ப ரெண்டு மூட்டை விக்கணும். கிஸ்திக்காக வித்த நம்ம பொன்னெல்லாம் சீமைக்குக் கப்பல் ஏறுது." அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இப்படி ஆனதாம். காசு இளைக்கட்டும், பொன் மட்டும் போதாது, வெள்ளியிலும் தாராளமாகக் காசு அடி என்று குடியானவர்கள் கட்சி கட்டினார்களாம்.

"ஜெயிச்சாங்களா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"தோத்தாங்க."

"அப்ப இன்னாத்துக்கு அவங்க கதை நமக்கு?"

"தோத்துட்டா, சொன்னது பொய்யின்னு ஆயிடுமாய்யா?"

அன்றைக்கு ஊரார் எல்லாரும் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். ஒரு குண்டுமணிப் பொன்னும் ஊரைவிட்டுப் போகக் கூடாது. ஜப்தி செய்த மாட்டை ஊரில் யாரும் ஏலம் கேட்கக் கூடாது.

விதைப்புக்கு மழை பெய்தது. கிஸ்தி பாக்கிக்காக மணியக்காரர் வந்து எங்கள் மாடுகளை அவிழ்த்துத் தெருவில் நிறுத்தினார். மாடு போனால் அந்த வருஷம் விதைப்பு இல்லை. ஜப்தி நடக்கிற ஊருக்கெல்லாம் பின்னாலேயே வருகிற பொன் வியாபாரியும் வந்தார், உரைகல் பையோடு. திறந்திருந்த கதவு வழியே என் காதைக் காட்டினார். "அதக் கழட்டிக் குடுத்தா மாடு வூட்டுக்குத் திரும்பிடும். ஜல்தி சொல்லுங்க." என் கணவர் தலை குனிந்துகொண்டார். என் கை திருகாணிக்குப் போய்விட்டது. முதலில் எங்கள் வீட்டுச் சத்தியம் உடைந்தால் ஊர்ச் சத்தியமும் உடையும். மூத்தார் மாட்டைப் பார்த்தபடி, "செவலை, அந்தக் கை எறங்கட்டும்னு சொல்லு" என்றார். இறக்கினேன்.

மணியக்காரர் ஏலம் கூவினார். தெருவே வாய் திறக்கவில்லை. வியாபாரி, "அப்ப நானே கேக்கறேன்" என்று முன்னால் வந்தார். கதவுக்குப் பின்னால் இருந்த எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ! "ஏ செவலை, உன்னைப் புடிச்சிக்கினு போறவரு, நாளைக்கு இந்த ஊர்ல எந்த வூட்டுல உரைகல்ல எடுப்பாருன்னு கேட்டு வையி!" ஓரகத்தி சிரித்தாள். பிறகு தெருவே சிரித்தது. வியாபாரி கணக்குத் தெரிந்தவர், பின்வாங்கினார். ஏலம் எடுபடவில்லை. கேட்பார் இல்லாத மாடுகளை மணியக்காரர் விட்டுவிட்டுப் போனார். விதைத்தோம்.

ஆனால் விலை ஏறவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் கிஸ்திக்கும் கடனுக்கும் நிலம் போனபோது மூத்தார் தன் பங்கைத்தான் முதலில் விட்டார். என் கம்மலை ஒருநாளும் கேட்கவில்லை. யுத்தம் வந்து மல்லாட்டை விலை எகிறியபோது, தான் விற்ற நிலத்திலேயே வாரத்துக்கு, விளைச்சலில் ஒரு பங்குக்கு, உழுதுகொண்டிருந்தார். ஒருநாள் வாசலில் நின்று சொன்னார்: "செவலை, காசு எளைச்சிப்போச்சி. மூட்டைதான் நம்மளுது இல்ல." செவலை செத்து வெகுநாள் ஆகியிருந்தது. வெறும் முளைக்குச்சியைப் பார்த்துத்தான் சொன்னார். கதவுக்குப் பின்னால் நான் என் கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இந்தக் கம்மல் அவருடைய நிலம். இதை உருக்கக் கூடாது. எழுதிவிட்டாயா, கண்ணு? எங்கே, படி கேட்கலாம்.