காணாமல் போன எல்லைக்கல்

மலாயாவில் பத்து காஜா என்ற ஊரில் இருந்த ஜில்லா ஆபீஸ் ஈப்போவுக்கு மாறிய சமயம், பழைய எல்லைக்கற்களைப் பிடுங்கப் போகிறார்கள் என்று எங்கள் ரப்பர் தோட்டத்தில் பேச்சு அடிபட்டது. நாங்கள் கும்பிடும் முனியாண்டியும் ஒரு கல்தான்.

ஒருநாள் காலை சர்வே ஆபீஸிலிருந்து யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்தார், எழுத்து வேலை பார்க்கும் கிராணி. வெள்ளைக் கோட்டு, ஒட்டிய கன்னம். எங்கே நடந்தாலும் உதட்டுக்குள் அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தார். அப்படி நடக்கிற ஆளை எப்படி நம்புவது? எண்ணிக்கொண்டே வந்து முனியாண்டி முன்னால் நின்றார்.

"இந்தக் கல்லுக்கு ஆர் மஞ்சள் பூசினது?"

"கல்லு இல்லீங்க, எங்க சாமி. தொட்டா ரத்தம் கக்குவீங்க" என்றேன். என் கையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி இருந்தது.

அவர் குனிந்து குங்குமத்தை விரலால் ஒதுக்கினார். கல்லில் செதுக்கிய சர்வே நம்பர் எனக்கும் தெரிந்தது. அதே விரலால் அதை மறுபடி மூடிவிட்டு நோட்டைத் திறந்தார்.

"கல்லைக் காணேல்லை எண்டு எழுதுறன். விளங்குதோ?"

விளங்கவில்லை. ஆள் கூட்டி வருவார் என்று ஒரு வாரம் மாறி மாறிக் காவல் இருந்தோம். யாரும் வரவில்லை.

அவர் வந்த அன்று திரும்பிப் போகும்போது அந்தச் சிவந்த விரலை அவர் நெற்றியில் இழுத்தார். கும்பிட்டாரா, வேர்வையைத் துடைத்தாரா? எனக்கு இன்னும் சந்தேகம்தான்.